இரண்டு தரம் வைத்த நிலை

என் வீட்டுத் தலைவாசல் நிலையை நான் இரண்டு தரம் வைத்தேன். வைத்த நிலையைப் பெயர்க்கக் கூடாது என்பார்கள். பெயர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால் கண்ணை உருட்டுவார்களே தவிர, லேசில் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் பெயர்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு ஆம்பிளைக்குத்தான் ஆகாது என்று பயமுறுத்தினார்கள். அந்த மனிதர் ரயில்வேயில் முழு சர்வீஸையும் முடித்து, பென்ஷனும் வாங்கிக்கொண்டு, குழம்பில் உப்புக் குறைச்சல் என்று இன்றைக்குக் காலையில்கூட என்னோடு சண்டை போட்டார். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டேன். இனி யாரும் பயப்படாமல் மேலே படிக்கலாம்.

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் பிரசவ விடுதி ஒன்றில் எனக்கு மருத்துவச்சி வேலை. பயிற்சி முடித்து, வெள்ளைச் சேலை கட்டி, கையில் தோல்பை வைத்திருந்த மருத்துவச்சி. ஊருக்கு நான் நர்சம்மா. விடுதியில் நேரம் முடிந்தால் வீட்டில் வேலை ஆரம்பிக்கும். வலி கண்ட பெண்ணுக்கு மணி பார்க்கத் தெரியாது. தாடிக்கொம்பிலிருந்து மாட்டுவண்டி வரும், தோல் பதனிடுகிற ஷாப்புப் பக்கமிருந்து ஆள் ஓடிவரும். வந்தவர்கள் கதவைத் தட்டுவார்கள். அந்தத் தட்டல்தான் எனக்கு வினையாக வந்தது. ஏழு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறினேன்.

ஐந்தாவது வீட்டில் முன்கட்டில் வீட்டுக்காரம்மா இருந்தாள், பின்கட்டில் நாங்கள். என்னைத் தேடி வருகிறவர்கள் அவள் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். ஒரு மார்கழிக் காலையில், தெருவே கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது, வாளித் தண்ணீரோடு நின்ற என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இது வீடா ஆஸ்பத்திரியா? வாரவன் போறவனெல்லாம் அடிக்கிறதுக்கு என் கதவு என்ன கோயில் மணியா? மருமக முழுகாம இருக்கா. அவளுக்கு மதுரையில பெரிய டாக்டரம்மாகிட்ட பாக்கப் போறோம். வீட்டுல எனக்கு அமைதி வேணும். ஆவணி பொறந்தா பின்கட்டக் காலி பண்ணிரு. ஒனக்குன்னு ஒரு வாசலக் கட்டிக்கிட்டு அங்க வந்து தட்டச் சொல்லு!”

எனக்கு வந்ததே கோபம்! வாளியைத் தரையில் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் அவள் கோலத்தின் மேல் போயிற்று. “கட்டுறேன். ஆவணிக்கு முந்தியே கட்டுறேன். ஒங்க கதவ நீங்களே கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கு என்னை விரட்டுவது கதவுச் சத்தத்துக்காக இல்லை, என் தொழிலுக்காக என்று பட்டது. ஒரு பெண் நம்பி வந்து தட்ட ஒரு கதவு இல்லாத மருத்துவச்சி என்ன மருத்துவச்சி? அழுதேன். அதையும் மறைக்கவில்லை.

மலைக்கோட்டைக்கு மேற்கே ஒரு துண்டு மனை ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கீமேன். தினமும் தோளில் சுத்தியலைப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து, எங்கே ஆணி கழன்றிருக்கிறது, எங்கே மட்டம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. அவர் பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்தார். என் சேமிப்பையும் போட்டோம். சேர்த்துப் பார்த்தால் ஒரு முன்கூடம், ஓர் அறை, அடுப்படி, சாமான் போட ஒரு பின்னறை. எல்லாவற்றையும் ஒரே ஒரு தரம் கட்டத்தான் அந்தப் பணத்தில் இடமிருந்தது.

மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர். ஒல்லி. காதில் பென்சில், மடியில் துணியில் சுற்றிய, மட்டம் பார்க்கிற ரசமட்டம். அந்த ரசமட்டத்தை அவர் மனைவியைக்கூடத் தொட விட மாட்டார் என்று கொத்தனார்கள் சிரிப்பார்கள். முதல் நாளே என்னிடம் கறாராகச் சொன்னார்.

“நர்சம்மா, ஆவணிக்குக் குடி போகணும்னு சொல்றீக. முடிச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு, கட்டுனத இடிச்சுக் கட்டச் சொல்லக் கூடாது. சன்னல அங்க மாத்து, அலமாரிய இங்க மாத்துன்னு பொம்பளையாளுக வந்து நின்னா எனக்கு வேலை ஓடாது. ஒரு செவுத்துக்கு ரெண்டாந்தரம் கை வச்சா செலவு ரெண்டு மடங்குன்னு நெனைக்காதீக. கட்டுற கூலி, இடிக்கிற கூலி, மறுபடி கட்டுற கூலி, இடிச்ச மண்ண அள்ளுற வண்டிக் கூலி. ஆக நாலு.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்க ஒழுங்காக் கட்டுங்க” என்றேன். அவர் முகம் சுருங்கியது. என் வாய் அப்படி.

தை மாதம் நிலை வைக்க நாள் குறித்தோம். எங்கள் பக்கம் கடைக்காலும் மேடையும் முடிந்தவுடனே, சுவர் எழும்பும் முன்பே, தலைவாசல் நிலையை நட்டுவிடுவார்கள். நிலையின் இரண்டு காலுக்கும் கீழே சின்னக் குழி பறித்து, மஞ்சள் துணியில் நவதானியமும் காசும் முடிந்து வைத்து, மேலே சாந்து பரப்பி நிலையை இறக்குவது வழக்கம். பிறகு சுமங்கலிகள் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றிப் பொட்டு வைப்பார்கள். அதற்கப்புறம் நிலையை யாரும் அசைக்கக் கூடாது.

எரியோட்டிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தாள். எனக்கு மதினி. தோட்டந்துரவு உள்ளவள், கையும் வாயும் ஒரே அளவு தாராளம். தானியம் முழுவதும் அவள் கொண்டுவந்ததுதான். வலது கால் குழிக்கு அவளும் இடது கால் குழிக்கு நானும் தானியம் போட வேண்டும். நான் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து மஞ்சள் துணியில் போட்டேன். மதினி அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.

“ஆத்தி! சிட்டிகை சிட்டிகையாப் போடுறா பாரு, இவ ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற மாதிரி! ஏ புள்ள, வீடு கட்டுறியா, பொட்டலம் மடிக்கிறியா? கை நெறையப் போடு. இம்புட்டுப் போட்டா இம்புட்டுத்தான் வெளங்கும்.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் ஜிவ்வென்று சூடேறிவிட்டது. பக்கத்தில் இருந்த அரைப்படியை எடுத்தேன். உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு, கடலை என்று கலந்து கிடந்ததைத் தலைதட்ட அள்ளித் துணியில் கொட்டினேன். “போதுமா மதினி? இல்ல, மூட்டைய இறக்கவா?” என்றேன். முடிச்சு தேங்காய் அளவுக்கு வந்தது. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே குழியைக் கொஞ்சம் பெரிதாகத் தோண்டி, முடிச்சை அமுக்கித் தட்டையாக்கி, சாந்து பரப்பினார்.

நிலையை நிறுத்தினார்கள். மேஸ்திரி மடியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நிலையின் கீழ்ப்படியில் வைத்தார். இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “நூல் பிசகாது” என்றார். அதை நானும் பார்த்தேன், மதினியும் பார்த்தாள், தெருவே பார்த்தது. அப்புறம் பால் ஊற்றினோம். மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். என் பங்கான இடது காலில் நானே ஒரு சொம்பு கூடுதலாக ஊற்றினேன், மதினி பார்க்க வேண்டும் என்றே.

மறுநாள் சேவுகம்பட்டியில் மேஸ்திரியின் சின்ன மாமனார் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. அவர் போய்விட்டார். ஐந்து நாள் வேலை இல்லை. நிலை மட்டும் மூங்கில் முட்டுக்கொடுத்து, மாவிலைத் தோரணத்தோடு தனியாக நின்றது. தினமும் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போவேன். சுவரே இல்லாத வாசல். அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவேன். யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு தட்டுத் தட்டுவேன். பைத்தியம் மாதிரித்தான் இருந்தேன்.

ஆறாம் நாள் மேஸ்திரி வந்து சுவரை ஏற்றினார். நிலைக்கு மறுபடி குண்டு போட்டுப் பார்க்கவில்லை. பொட்டு வைத்த நிலைக்கு மட்டம் பார்ப்பது சாமிக்கு மட்டம் பார்ப்பது மாதிரி என்று அவர்கள் கூட்டத்தில் ஒரு எண்ணம். மாசி நடுவில் முன்சுவர் நிலையின் தலைக்கு வந்துவிட்டது. குடகனாற்று மணலும் அரைத்த சுண்ணாம்பும் போட்டுக் கட்டிய சுவர். நிமிர்ந்து நின்றது. என் நெஞ்சும் அப்படித்தான் நிமிர்ந்து நின்றது.

ஒரு நாள் பிரசவம் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்தேன். குழந்தையைத் தூளியில் போட்டு எடை பார்க்கிற கொக்கித் தராசு கையில் இருந்தது. தண்ணீர் குடிக்கக் கை வேண்டுமே என்று, நிலையின் இடது மூலையில் தோரணத்துக்கு அடித்த ஆணியில் அதை மாட்டினேன். தராசு, அதற்குக் கீழே தூளி, அதன் கயிறு. தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேலே மரத்தோடு ஒட்டித் தொங்கிய தராசு, கீழே கயிற்று நுனிக்கு வரும்போது மரத்தை விட்டு நன்றாக விலகியிருந்தது. கயிறு பொய் சொல்லாது. அப்படியானால் சாய்ந்திருப்பது என் வாசல்.

“மேஸ்திரி!” என்று நான் போட்ட சத்தத்தில் சாரத்தில் நின்ற ஆள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான்.

அவர் வந்து பார்த்தார். குண்டு போட்டார். ஏழடி நிலையில் மேலிருந்து கீழே வருவதற்குள் இரண்டு விரல் விலகல். கீழ்ப்படியில் ரசமட்டம் வைத்தார், உள்ளே இருந்த குமிழ் இடது பக்கமாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. இடது கால் உயர்ந்து, நிலை முழுக்க வலது பக்கம் சாய்ந்திருந்தது. நிலை செய்த ஆசாரியை வரச் சொன்னோம். அவர் தாடையைத் தடவினார்.

“ரெட்டைக் கதவு போடப் போறீக. இந்த நிலையில மாட்டுனா ஒரு கதவு தானாத் தெறந்துக்கும், ஒண்ணு தானாச் சாத்திக்கும். கல்லு முட்டுக் குடுத்துத்தான் நிப்பாட்டணும். அம்புட்டுத்தான்.”

கல் முட்டா! என் வாசலுக்குக் கல் முட்டா! எனக்குக் கண் மண் தெரியவில்லை. மேஸ்திரியைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? நூல் பிசகாதுன்னு சொன்ன வாய்தான இது? இதுக்கா ஒரு மேஸ்திரி, இதுக்கா ஒரு ரசமட்டம்? தூக்கிக் கெணத்துல போடுங்க அத!”

கொத்தனார்களுக்கு முன்னால், சித்தாள்களுக்கு முன்னால் சொன்னேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. ரசமட்டத்தைத் துணியில் சுற்றினார். சுற்றி மடியில் செருகிக்கொண்டு சொன்னார்.

“நர்சம்மா, நான் வச்சது வச்சபடி மட்டம். இது நடுவுல ஆனது. நிலையப் பேத்துப் பாப்போம். தப்பு என்னுதுன்னா முன்செவுரு முழுக்க என் செலவுல இடிச்சுக் கட்டித் தாரேன், இனிமே கரண்டியத் தொட மாட்டேன். தப்பு என்னுது இல்லேன்னா, இதே தெருவுல, இதே சனத்துக்கு முன்னால, இப்பச் சொன்னத நீங்க திருப்பி எடுத்துக்கணும்.”

“எடுத்துக்கறேன்” என்றேன். எடுக்க வேண்டி வராது என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு.

பெயர்க்கப் போகிறோம் என்ற சேதி எரியோட்டுக்குப் போன வேகத்தில் மதினி வந்து இறங்கினாள். “பாலூத்தி வச்ச நிலையப் பேக்கவா? என் தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒன்னய சும்மா விட மாட்டேன். கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கல்லு வச்சு நிப்பாட்டிக்க. ஊருல யாரு வீட்டுக் கதவு நேரா இருக்கு?” என்று அழுதாள். அவள் அழுகை நிஜம். தம்பிமேல் உயிர் அவளுக்கு.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. டூட்டி முடிந்து வந்தவர் தோளில் சுத்தியலோடு நிலையைச் சுற்றி வந்து, குனிந்து கீழ்ப்படியைப் பார்த்தார். தண்டவாளம் பார்க்கிற பார்வை.

“இங்க பாருக்கா, மட்டம் தப்புன தண்டவாளத்த ரயிலு வாரதுக்கு முந்தி மாத்தணும். வந்ததுக்கப்புறம் மாத்தி என்ன பிரயோசனம்? நாளைக்கு இவளத் தேடி எத்தனையோ பேரு இந்த வாசல்ல வந்து நிப்பாக. எனக்கு ஆகாதுன்னா அத நான் பாத்துக்கறேன். மேஸ்திரி, இடிங்க.”

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் ஆயிரம் குறை உண்டு. அன்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

கட்டியதை இடிப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் பார்த்தேன். சுவரை அடித்துச் சாய்த்தால் நொடியில் முடியும், ஆனால் செங்கல் மிஞ்சாது. ஆகையால் ஒவ்வொரு கல்லாகக் கெல்லி எடுத்தார்கள். சித்தாள்கள் குந்தி உட்கார்ந்து காய்ந்த சாந்தைச் சுரண்டினார்கள். முழுசாகத் தேறியது ஒரு குவியல், உடைந்தது அதைவிடப் பெரிய குவியல். சுண்ணாம்பில் ஒரு கரண்டிகூடத் திரும்பவில்லை. மாடு சுற்றி அரைத்தது, மணல் சலித்தது, தண்ணீர் சுமந்தது, அத்தனையும் தூசியாகத் தெருவில் பறந்தது. தும்மிக்கொண்டே நின்றேன். அந்தத் தூசியில் என் பின்னறை போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன்.

இரண்டாம் நாள் முற்பகல் நிலை தனியாக நின்றது. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாகச் சாத்தினார்கள். வலது கால் குழியில் சாந்து வைத்தது வைத்தபடி இருந்தது. இடது கால் குழியில் சாந்து பாளம் பாளமாக வெடித்து மேலே எழும்பி நின்றது. மேஸ்திரி கரண்டியால் அதை நெம்பினார். குப்பென்று புளித்த வாடை. மஞ்சள் துணி கிழிந்து, உள்ளே இருந்த பயறெல்லாம் உப்பி, முளைவிட்டு, வெள்ளை வெள்ளையாக வேர் பின்னிக் கெட்டியான பாய் மாதிரி கிடந்தது. நடுவில் பச்சைப் பூத்த காசு.

தலைதட்ட அள்ளிக் கொட்டிய அரைப்படி. அதன்மேல் மதினி பார்க்க நான் ஊற்றிய கூடுதல் சொம்பு. தானியம் அதைக் குடித்து ஊதி, அந்த ஐந்து நாளில் நிலையைக் கீழிருந்து தூக்கிவிட்டிருக்கிறது. இதில் என்ன கொடுமை என்றால், இது எனக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் ஒரு டாக்டர் பாடம் சொல்லியிருக்கிறார், மண்டையோட்டின் எலும்புகளைச் சேதமில்லாமல் பிரிக்க உள்ளே உலர்ந்த பயறை நிரப்பித் தண்ணீரில் போட்டுவிடுவார்களாம், பயறு ஊறி ஊதியே எலும்பைப் பிரித்துவிடுமாம். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியவள் நான். படித்தவளாம், நர்சம்மாவாம்! என்னை நானே நாலு சாத்துச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெருவுக்கு இறங்கினேன். கத்தும்போது எவ்வளவு சத்தம் போட்டேனோ அவ்வளவு சத்தத்தில் சொன்னேன்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. மேஸ்திரி மட்டம் சரி. தப்பு என்னுது. வீம்புக்கு அரைப்படிய அள்ளிக் கொட்டுனது நான். அன்னைக்கு நான் சொன்ன அத்தனை வார்த்தையும் திருப்பி எடுத்துக்கறேன். ரசமட்டம் அவரு மடியிலயே இருக்கட்டும், என் வாயத்தான் கெணத்துல போடணும்.”

முதலில் ஒரு சித்தாள் சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. மேஸ்திரி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தார், முடியவில்லை.

“என்னுதும் இருக்கு நர்சம்மா” என்றார். “செவுரு ஏத்துறதுக்கு முந்தி ஒருக்கா குண்டு போட்டிருக்கணும். சாமியாவது பூதமாவது, நான் போட்டிருக்கணும். கூலி எனக்கு வேணாம். கல்லும் சுண்ணாம்பும் மட்டும் நீங்க பாத்துக்கங்க.”

பின்னறை போயிற்று. அடுப்படிக்கு மேலே மட்டப்பாத் தளம் போடுவதாக இருந்ததை நாட்டு ஓடாக மாற்றினோம். அலமாரிக்கு வாங்கி வைத்த பலகையை விற்றோம். எனக்கு வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. பல வருஷம் அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டிருக்கிறேன். ஆனால் கோணலான வாசலை வைத்துக்கொண்டு பின்னறையில் அரிசி மூட்டையை அடுக்கியிருந்தால் அதைவிடப் பெரிய பெருமூச்சு விட்டிருப்பேன்.

பெயர்த்த நிலையை மறுபடி வைக்க எந்த சோசியரும் நாள் குறித்துத் தரவில்லை. என் வீட்டுக்காரர், “எனக்கு டூட்டி இல்லாத நாளு நல்ல நாளு” என்று சொல்லி ஒரு புதன்கிழமையைக் குறித்தார். மதினி, “பேத்த நிலைக்கு மஞ்சப் பூச எந்தச் சுமங்கலி வாரான்னு பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அது எனக்கு உறுத்தியது. அந்தத் தெருப் பெண்கள் எல்லாம் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார்கள். யாரும் வராவிட்டால் நானே பூசிக்கொள்வது என்று மஞ்சளை அரைத்து எடுத்துக்கொண்டு காலையில் மனைக்குப் போனேன்.

மனையில் நிற்க இடமில்லை. தாடிக்கொம்பிலிருந்து ஒரு வண்டி நிறையப் பெண்கள். தோல் ஷாப்புப் பக்கமிருந்து தலையில் முக்காடோடு மூன்று பேர், தட்டில் பூவும் சர்க்கரையும். மாதா கோயில் தெருவிலிருந்து மெழுகுவர்த்தியோடு ஒருத்தி. எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை, சிலர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அத்தனை பிள்ளைகளையும் இந்தக் கை வாங்கியிருக்கிறது. யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்டேன். மேஸ்திரியின் சம்சாரம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். “எங்க வீட்டு மூணாவது புள்ள வயித்துல குறுக்க கெடந்தப்ப நீங்க பேத்துத் திருப்பாமலா விட்டீக?” என்றாள் அவள். அதற்கு நான் என்ன செய்தேன்? கத்தினேன். ஏனென்றால் ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு முடிச்சு நவதானியம்!

“ஒருத்தியும் கிட்ட வரக் கூடாது! அம்புட்டையும் அந்த அண்டாவுல கொட்டுங்க!”

ஒன்பது தானியத்திலும் ஒவ்வொரு மணி எடுத்தேன். ஒரு காலுக்கு ஒன்பது மணி, இன்னொரு காலுக்கு ஒன்பது மணி. உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டி எண்ணிப் போட்டேன். பாலை நெற்றியில் பொட்டு வைக்கிற அளவுக்கு விரலால் தொட்டு வைத்தேன். பெண்கள் குலவை போட்டார்கள், மலைக்கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பி வந்திருக்கும். மேஸ்திரி ரசமட்டம் வைத்தார். இந்தத் தடவை பூசைக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம், அடுத்த ஐந்து நாளும் தினம் ஒரு தரம். அண்டாவில் விழுந்த தானியத்தை அங்கேயே மூன்று கல் கூட்டி வேகவைத்து, தாளித்து, எல்லாருக்கும் இலையில் கொடுத்தோம். கடைசியாக, கூட்டம் கலைகிற நேரத்தில், எரியோட்டு மதினி வந்து ஓரமாக நின்றாள். கையில் ஒரு காசு.

“நிலைப்படியில காசாவது வைக்கலாமா, அதுக்கும் அளவு இருக்கா?” என்று கேட்டாள்.

“காசு ஊறாது மதினி, வைங்க” என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் வேலை ஓடியது. சித்திரை வெயிலில் சாந்து உலரும் முன்பே தண்ணீர் தெளித்துக்கொண்டே கட்டினார்கள். நானும் டூட்டி இல்லாத நேரத்தில் குடம் தூக்கினேன். ஆனி முடிய ஓடு மேய்ந்தாயிற்று, ஆடியில் கதவு மாட்டினார் ஆசாரி. மேஸ்திரி இரண்டு கதவையும் பாதி திறந்து வைத்துக் கையை எடுத்தார். கதவு அசையவில்லை. கால்வாசி திறந்து வைத்தார். அசையவில்லை. சிறு பிள்ளை விளையாடுகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்து நின்றார். “நர்சம்மா, எங்க விட்டீகளோ அங்க நிக்கும்” என்றார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். பின்கட்டைக் காலி செய்து, சாவியை வீட்டுக்காரம்மா கையில் கொடுக்காமல் அவள் சன்னலில் வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு வீம்பு இல்லாமல் இருக்க முடியவில்லை. மத்தியானம் முன்கூடத்தில் பந்தி. மேஸ்திரியும் கொத்தனார்களும் சித்தாள்களும் முதல் பந்தி. நான் பொரியல், கூட்டு என்று வெஞ்சனம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்போது தட்டுகிற சத்தம் கேட்டது.

கதவு பாதி திறந்துதான் இருந்தது. ஆனாலும் வந்தவள் நிலையில் கையை வைத்துப் படபடவென்று தட்டிக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, காலில் செருப்பில்லாமல், என் பழைய வீட்டுக்காரம்மா.

“மருமகளுக்குப் பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு. இன்னும் மூணு வாரம் கெடக்குன்னாக. மதுரைக்குக் காரு புடிக்க ஆளு போயிருக்கு, ஆனா அவ தாங்க மாட்டா போலருக்கு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல.”

சொல்லிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மார்கழிக் காலையில் சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்தது, எனக்கும் வந்தது. எட்டு மாதமாக அவளுக்குச் சொல்ல எத்தனை பதில் தயார் செய்து வைத்திருந்தேன் தெரியுமா? குளிக்கும்போது, குடம் தூக்கும்போது, நடக்கும்போது. அதில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

“கைய ஏன் எடுக்குறீக? நல்லாத் தட்டுங்க. தட்டுறதுக்குன்னுதான் இந்த வாசலக் கட்டியிருக்கேன்” என்றேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் கரண்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தோல்பையையும் தராசையும் எடுத்தேன். வாசலைத் தாண்டும்போது இலையிலிருந்து மேஸ்திரி, “நர்சம்மா, கதவு!” என்றார்.

“கெடக்கட்டும் மேஸ்திரி” என்று ஒரு கதவைக் கையால் லேசாகத் தள்ளி விட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆண் குழந்தை. சின்னதுதான், ஆனால் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி அழுதது. எடை பார்த்துக் கொடுத்துவிட்டுப் பொழுது சாய வீட்டுக்குத் திரும்பினேன். நான் தள்ளிவிட்ட இடத்திலேயே கதவு நின்றுகொண்டிருந்தது.